மெத்தையின் அடுக்குகளை மாற்றி அமைத்தல்: நல்லுறக்கத்திற்கு ஓர் உரை



பகல் முழுவதும் நின்றும் சுமந்தும் உழைப்பவருக்கும், இரவுப் பணி முடித்துப் பகலில் கண்ணயர்பவருக்கும் உறக்கமே மறுநாளைக்கான வலிமை. அவ்வுறக்கத்தை நாடி, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைச் சேமித்து, லேட்டக்ஸ் ஹைப்ரிட் மெத்தை வாங்கும் குடும்பங்கள் உண்டு. வாங்கிய முதல் வாரம் மகிழ்ச்சியாகக் கழியும். அடுத்த வாரம் இடுப்பு வலிக்கத் தொடங்கும். அல்லது தோள் மரத்துப் போகும். மெத்தை சரியில்லை என்று முடிவு செய்து, அதைச் சூக் ஹராஜ் சந்தைக்குக் கொண்டு சென்று, கொடுத்த விலையில் சிறு பங்குக்கு விற்றுவிடுவதும் நிகழ்கிறது. பல வேளைகளில் அந்த மெத்தையில் பழுது ஏதும் இருப்பதில்லை. அதனுள் உள்ள அடுக்குகளின் வரிசை, படுப்பவரின் உடலுக்குப் பொருந்தாமல் இருந்ததே காரணம். அவ்வரிசையை வீட்டிலேயே, செலவின்றி மாற்றி அமைக்கும் முறையை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

மெத்தைக்குள் இருப்பது என்ன?

ஹைப்ரிட் மெத்தை என்பது இருவகைப் பொருள்களின் சேர்க்கை. அடியில் ஸ்பிரிங் அடுக்கு இருக்கும். அதன் உயரம் பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. வரை. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பைக்குள் அடைக்கப்பட்டிருப்பதால், ஒருவர் புரண்டு படுத்தால் அடுத்தவர் பக்கம் அதிர்வு குறைவாகவே செல்லும். அந்த ஸ்பிரிங்குகளின் மேல் லேட்டக்ஸ் அடுக்குகள் ஒன்றோ, இரண்டோ, மூன்றோ வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் பொதுவாக 5 அல்லது 7.5 செ.மீ. தடிமன், அதாவது 2 அல்லது 3 அங்குலம். இவை அனைத்தையும் ஜிப் வைத்த உறை ஒன்று மூடியிருக்கும். உறையின் ஜிப்பைத் திறந்து அடுக்குகளைத் தனித்தனியே எடுக்க முடியுமானால், அம்மெத்தையை மாற்றி அமைக்கலாம். அடுக்குகள் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் அதனைப் பிரிக்க முயலக் கூடாது, லேட்டக்ஸ் கிழிந்துவிடும்.

லேட்டக்ஸ் என்பது தமிழருக்கு அயலான பொருளன்று. அது ரப்பர் மரத்தின் பால். 1876-இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்கு வந்த ரப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், அதே ஆண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பின்னாளில் இலங்கையின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டினர். தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் 1984-இல் நிறுவப்பட்ட அரசு ரப்பர் கழகம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு வேலையளித்தது. விடியுமுன் குளிர்ந்த வேளையில் பட்டையைக் கீறி, சிரட்டையில் சொட்டும் பாலைச் சேகரிக்கும் அத்தொழிலை அறிந்தவர்கள் குமரி மாவட்டத்தாரிடையே பலர் உண்டு.

அவ்வாறு எடுக்கப்படும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ரப்பர். சுழற்சிப் பொறியில் இட்டு அதனை 60 விழுக்காடு அளவுக்குச் செறிவாக்குவர். பின்னர் நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, வெப்பத்தால் இறுகச் செய்வர். இம்முறையை 1929-இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவன ஆய்வகம் கண்டறிந்தது. ஆகவே இது டன்லப் முறை எனப்படும். தலாலே முறை என்பது மற்றொன்று. அதில் மூடிய அச்சினுள் காற்றை உறிஞ்சி நுரையை விரியச் செய்து, உறைய வைத்து, அதன்பின் வெப்பமூட்டுவர். டன்லப் லேட்டக்ஸ் சற்று அடர்த்தியானது. தலாலே லேட்டக்ஸ் எடை குறைந்தது. மேற்பரப்பில் துள்ளல் மிகுந்தது. மெத்தையின் சீட்டில் எம்முறை குறிக்கப்பட்டுள்ளது என்று பார்ப்பது நன்று.

கடினமான படுக்கையே முதுகுக்கு நல்லதா?

கட்டாந்தரையில் படுத்தால் முதுகுவலி தீரும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அதனைச் சோதித்த ஆய்வு ஒன்று 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்புவலியுடைய 313 பேருக்கு, ஒரு சாராருக்கு மிகக் கடினமான மெத்தையும், மற்றொரு சாராருக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் தரப்பட்டன. 90 நாள்களுக்குப் பின், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆதலால் வலி கண்டவுடன் எல்லாவற்றையும் கடினமாக்குவது சரியான மருந்தாகாது.

மெத்தையின் பணி இரண்டு. தோளும் இடுப்பெலும்பும் போன்ற புடைத்த பகுதிகள் நோகாதவாறு அமிழ இடம் தருவது ஒன்று. உடலின் கனமான நடுப்பகுதி அளவுக்கு மீறிப் புதைந்து முதுகெலும்பு வளையாமல் தாங்குவது மற்றொன்று. முதல் பணியைப் பெரும்பாலும் மேல் அடுக்கு செய்கிறது. இரண்டாம் பணியை அதற்குக் கீழ் உள்ள அடுக்குகள் செய்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால், எந்த அடுக்கை மாற்ற வேண்டும் என்பது எளிதில் விளங்கும்.

வலி சொல்லும் குறிப்பு

பக்கவாட்டில் படுப்பவருக்குத் தோளிலோ இடுப்பெலும்பின் ஓரத்திலோ வலி தோன்றினால், அல்லது கை மரத்துப் போய் விழிப்பு ஏற்பட்டால், மேற்பரப்பு மிகக் கடினமாக உள்ளது என்று பொருள் கொள்ளலாம். மென்மையான அடுக்கை மேலே கொண்டுவர வேண்டும்.

தோளுக்கு இதமாக இருந்தும், காலையில் எழும்போது மட்டும் கீழ் முதுகு விறைத்து, சிறிது நேரம் நடமாடிய பின் தளர்ந்தால், இடுப்பு ஆழமாகப் புதைகிறது என்று கருதலாம். இங்கு மேல் அடுக்கைத் தொடாமல், இரண்டாம் அடுக்கைக் கடினமானதாக்குவதே முறை. இரண்டே அடுக்குகள் இருந்தால், அவற்றை இடம் மாற்றிப் பார்க்கலாம்.

மல்லாந்து படுப்பவரின் இடுப்புக்கும் மெத்தைக்கும் இடையே உள்ளங்கை தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், மெத்தை அவருக்குக் கடினமாக உள்ளது. கை நுழையவே இயலாமல் அமுங்கியிருந்தால் மிக மென்மையாக உள்ளது. குப்புறப் படுப்பவருக்கு வயிற்றுப் பகுதி புதையாதிருக்க, மேல் அடுக்கே கடினமாக இருப்பது நல்லது.

உடல் எடையும் கணக்கில் கொள்ளத்தக்கது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மிதமாகத் தோன்றும் அடுக்கு, 100 கிலோ எடையுள்ளவருக்கு மென்மையாகத் தோன்றும். கனமானவர் மேல் அடுக்கைக் கடந்து அடுத்த அடுக்கையும் அழுத்துவதால், அவருக்குக் கீழ் அடுக்கின் தன்மையே மேலோங்கி உணரப்படும்.

அடுக்குகளின் சீட்டில் மென்மை, நடுத்தரம், கடினம் என எழுதியிருக்கும்; சிலவற்றில் எண் இருக்கும். ஐ.எல்.டி. எனப்படும் அந்த எண், வட்டத் தகடு ஒன்றினால் அடுக்கை அதன் தடிமனில் கால் பங்கு அமுக்கத் தேவைப்படும் விசையைக் குறிக்கிறது. எண் கூடக் கூட அடுக்கு கடினமானது. பொதுவாக 20-ஐ ஒட்டியது மென்மை, 30-ஐ நெருங்குவது நடுத்தரம், அதற்கு மேற்பட்டது கடினம். நிறுவனத்திற்கு நிறுவனம் இது சற்று மாறும். எனவே ஒரே மெத்தையின் அடுக்குகளை ஒப்பிடவே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

அடுக்கைத் தொடுமுன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் கட்டில். இரும்புக் கட்டில்களின் கம்பி வலை நாளடைவில் நடுவில் தொய்ந்துவிடும். அதன் மேல் எந்த மெத்தையை இட்டாலும் குழியாகவே இருக்கும். மரப்பட்டைகள் உள்ள கட்டிலில் பட்டைகளுக்கு இடையே 7 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருத்தல் ஆகாது. வெறும் ஓட்டுத்தரையில் மெத்தையை நேரடியாக விரிப்பதும் தவறு. குளிர்சாதன அறையில் தரை குளிர்ந்து, மெத்தையின் அடியில் ஈரம் கோத்து, பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டாவது, மேல்விரிப்பு. தடித்த நீர்க்காப்பு உறையோ, இறுக இழுத்துச் செருகிய விரிப்போ மெத்தையின் மேல் பறைத்தோல் போல இழுபட்டு நிற்கும். மென்மையான அடுக்கும் அப்போது கடினமாகத் தோன்றும். இரண்டு இரவு தளர்வான பருத்தி விரிப்பு மட்டும் இட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தலையணை. கழுத்து வலிக்கும் தோள் வலிக்கும் பல வேளைகளில் தலையணையின் உயரமே காரணம். மெத்தை மென்மையானால் தோள் கூடுதலாக அமிழும். அப்போது தலையணையின் உயரத்தைக் குறைக்க வேண்டும். இம்மூன்றும் சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால் மட்டுமே ஜிப்பைத் திறக்க வேண்டும்.

மாற்றும் முறை

இப்பணியை இருவர் சேர்ந்தே செய்ய வேண்டும். 150 செ.மீ. அகலமும் 200 செ.மீ. நீளமும் 5 செ.மீ. தடிமனும் உள்ள லேட்டக்ஸ் அடுக்கு ஒன்று ஏறத்தாழ 12 கிலோ எடை இருக்கும், 7.5 செ.மீ. தடிமனானால் 18 கிலோ. எடையைவிட அதன் துவளும் தன்மையே தூக்குபவருக்குத் தொல்லை. முதுகுவலி உள்ளவரே தனியாகக் குனிந்து இழுத்தால், நலம் நாடிச் செய்யும் செயல் வலியைக் கூட்டிவிடும்.

முதலில் தரையைப் பெருக்கி, தூய விரிப்பு ஒன்றை விரிக்க வேண்டும். உறையின் ஜிப்பை முழுவதும் திறந்து, அடுக்குகள் இருந்த நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் ஓரத்திலும் ஒரு காகித நாடாவை ஒட்டி, மேல், நடு, கீழ் என்று எழுதி, தலைப்பக்கம் எது என்றும் குறிக்க வேண்டும். தோள் பகுதியில் மென்மையாகவும் இடுப்புப் பகுதியில் உறுதியாகவும் செய்யப்பட்ட அடுக்குகள் உண்டு. அவற்றைத் தலைகால் மாற்றி வைத்தால் பயன் கெடும்.

அடுக்கை விரல்களால் ஓரத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது, கிழியும். இரு முழங்கைகளையும் அடியில் செலுத்தி, குழந்தையை ஏந்துவது போல ஏந்தி எடுக்க வேண்டும். பாய் போலச் சுருட்டியும் நகர்த்தலாம். மேலே வைத்தபின், இழுத்து நீட்டாமல், உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிச் சமப்படுத்த வேண்டும். நான்கு மூலைகளும் ஸ்பிரிங் அடுக்கின் மூலைகளோடு பொருந்தியபின் ஜிப்பை மூட வேண்டும். ஜிப் இறுகினால் வலிந்து இழுக்கலாகாது. உள்ளே ஏதோ ஓர் அடுக்கு மடிந்திருக்கும்.

மூன்று அடுக்குகள் உள்ள மெத்தையில் ஆறு வரிசைகள் இயலும். மேலிருந்து கீழாக மென்மை, நடுத்தரம், கடினம் என அமைந்தால் அதுவே மிகவும் இதமானது. பக்கவாட்டில் படுப்போருக்கு ஏற்றது. மென்மை, கடினம், நடுத்தரம் என அமைத்தால் தோளுக்கு மென்மை மாறாது, இடுப்பு புதைவது குறையும். நடுத்தரம், மென்மை, கடினம் என்பது மல்லாந்து படுப்போர் பலருக்குப் பொருந்தும். கடினம், நடுத்தரம், மென்மை என்பது மேற்பரப்பில் உறுதியாகவும் ஆழத்தில் சற்று இளக்கமாகவும் இருக்கும்.

ஒருமுறை மாற்றியபின் குறைந்தது இரண்டு வாரம் அப்படியே விட வேண்டும். புதிய பரப்புக்கு உடல் பழக நாள்கள் ஆகும். முதல் நாள் காலையிலேயே தீர்ப்புச் சொல்லி மீண்டும் மாற்றினால், எது பயன் தந்தது என்பது என்றும் தெரியாது. ஒரு தாளில் நாளும் வரிசையும் குறித்து, காலையில் எழுந்ததும் வலி எங்கே, எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரே வரியில் எழுதி வந்தால் போதும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதே விதி.

இருவர் உறங்கும் மெத்தை

எடுத்துக்காட்டாக ஓர் இல்லத்தைக் கருதலாம். கணவர் 90 கிலோ எடையுள்ளவர், மல்லாந்து படுப்பவர். மனைவி 55 கிலோ எடையுள்ளவர், பக்கவாட்டில் படுப்பவர். மெத்தையில் மேலே மென்மையும் கீழே கடினமும் உள்ளன. மனைவிக்கு நல்லுறக்கம் வாய்க்கிறது. கணவருக்கோ இடுப்பு புதைந்து காலையில் வலி. அடுக்குகளை இடம் மாற்றினால் கணவரின் வலி தணிகிறது. இப்போது மனைவிக்குத் தோள் வலிக்கிறது. இத்தகைய நிலையில் பெரும்பாலும் இருவரில் ஒருவர், பெரும்பாலும் மனைவி, பேசாமல் பொறுத்துக்கொள்கிறார். அது தேவையில்லை.

பெரிய அளவு மெத்தைகள் பலவற்றில் லேட்டக்ஸ் அடுக்குகள் நீளவாக்கில் இரண்டு பாதிகளாக வருகின்றன. அவ்வாறு இருந்தால் கணவர் பக்கம் கடினத்தை மேலேயும், மனைவி பக்கம் மென்மையை மேலேயும் வைக்கலாம். இரு அடுக்குகளின் தடிமனும் சமமாக இருந்தால் நடுவில் மேடு பள்ளம் தோன்றாது. அடுக்கு ஒரே துண்டாக இருந்தால், அதனைக் கத்தியால் அறுக்கக் கூடாது. நிறுவனத்தின் உத்தரவாதம் நீங்கிவிடும். மாறாக, கணவருக்கு ஏற்ற வரிசையை வைத்து, மனைவி பக்கம் மட்டும் ஒற்றை அகல மென்மையான மேல்மெத்தை ஒன்றை இடுவது, புதிய மெத்தை வாங்குவதைவிடச் சிக்கனமானது.

பராமரிப்பும் பாதுகாப்பும்

ஊரில் இலவம் பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் காயவைப்பது நல்ல வழக்கம். லேட்டக்ஸ் மெத்தைக்கு அது கேடு. வெயிலின் புற ஊதாக் கதிர்களும் வெப்பமும் லேட்டக்ஸை மஞ்சளாக்கி, நாளடைவில் நொறுங்கச் செய்யும். வளைகுடா வெயிலில் இது விரைந்து நிகழும். நிழலில், காற்றோட்டமுள்ள அறையிலேயே உலர்த்த வேண்டும். எண்ணெய் பட்டாலும் ரப்பர் நெகிழ்ந்து கெடும். எண்ணெய்க் குளியலுக்கு முன்போ, உடலில் தைலம் பூசியோ படுப்பவர் தடித்த விரிப்பு இட்டுக்கொள்ள வேண்டும். லேட்டக்ஸ் அடுக்கை நீரில் நனைக்கவே கூடாது. உறையில் கம்பளி தைக்கப்பட்டிருந்தால் துவைக்கும் பொறியில் இடாமல், சீட்டில் உள்ளபடி செய்ய வேண்டும்.

பழைய மெத்தை வாங்குவோர் ஜிப்பைத் திறந்து தையல் ஓரங்களிலும் அடுக்குகளின் இடுக்குகளிலும் பார்க்க வேண்டும். கருமையான புள்ளிகளும் உரிந்த தோல்களும் மூட்டைப்பூச்சியின் அடையாளம். அத்தகைய மெத்தையை விலை மலிவு என்பதற்காக வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மூட்டைப்பூச்சியை ஒழிக்க, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து வெளிப்படும் பாஸ்பீன் நச்சுவாயு சுவர் இடுக்குகள் வழியே அடுத்த வீட்டுக்கும் பரவும். வளைகுடா நாடுகளில் பக்கத்து அறையில் உறங்கிய குழந்தைகள் இதனால் உயிரிழந்த துயரம் நிகழ்ந்துள்ளது. உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பு நிறுவனத்தையே அழைக்க வேண்டும். வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல் கண்டால் வீட்டை விட்டு வெளியேறி, உடனே 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

கைக்குழந்தையை இம்மெத்தையில் பெரியவர்களோடு படுக்க வைக்கக் கூடாது. மென்மையான பரப்பில் முகம் புதைந்து மூச்சு முட்டும் இடருண்டு. குழந்தைக்கு உறுதியான, சமமான, தனிப் படுக்கையே பாதுகாப்பு. ரப்பர் கையுறை, பலூன் ஆகியவற்றால் தோல் தடிப்போ மூச்சிரைப்போ ஏற்படுபவர், வாங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

புதிதாக வாங்குவோர் ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். கத்தார் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் சட்டம், பழுதுள்ள பொருளுக்குத் தீர்வு கோரும் உரிமையை வாங்குபவருக்கு அளிக்கிறது. ரசீது இன்றேல் அவ்வுரிமையை நிலைநாட்டல் அரிது. அடுக்குகளைத் தனியே மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள், என்ன கட்டணம் என்பதை விலை பேசும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று.

இறுதியாக ஒன்று. மெத்தையால் தீரும் வலியும் உண்டு. தீராத வலியும் உண்டு. வலி காலில் இறங்கினால், கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் தடை ஏற்பட்டாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ, அடுக்குகளை மாற்றிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அத்தகைய குறிகள் இல்லாத, காலையில் தோன்றி நடமாடத் தணியும் வலிக்கு, இன்று கூறிய வரிசையில் கட்டில், விரிப்பு, தலையணை, அதன்பின் அடுக்கு என ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். விற்க நினைத்த மெத்தையே நல்ல மெத்தையாக மாறக்கூடும். அதற்குத் தேவையானவை இரண்டு கைகளுக்குத் துணையாக இன்னும் இரண்டு கைகளும், இரண்டு வாரப் பொறுமையும் மட்டுமே.

அனைவருக்கும் நல்லுறக்கம் வாய்க்க வாழ்த்துகள்.